இடுப்பில் எந்தப் பக்கம்

ட்ரூடி கட்டிப்பிடித்தாள். அவள் கைகள் இரண்டும் வெர்லினின் முதுகில் தொடங்கி, இடுப்பு வாரைச் சுற்றி ஒரு வலம் வந்தன.

"எங்கய்யா ஒளிச்சு வெச்ச? பொண்டாட்டி கைப்பையிலயா?"

சர்ச் வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெர்லின் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டான்.

அவன் துப்பாக்கிப் பத்திரிகையில் எழுதுகிறவன். புதிதாக எந்தச் சின்னப் பிஸ்டல் வந்தாலும் கம்பெனிக்காரர்கள் அவனுக்கு ஒன்று அனுப்பிவிடுவார்கள். சுட்டுப் பார்ப்பான், பிரித்துத் துடைப்பான், எடை போடுவான். அதெல்லாம் எவனும் செய்வது. இவன் பேர் வாங்கியது வேறொன்றில்.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சட்டைக்கடியில் செருகிக்கொண்டு சர்ச்சுக்கு வருவான். எங்கள் கென்டக்கிப் பக்கத்தில் கைகொடுத்துவிட்டு விலகிப்போகிற வழக்கமெல்லாம் கிடையாது. வாசலைத் தாண்டுவதற்குள் பாதி ஊர் கட்டிப்பிடித்துவிடும். ஒருவர் கைக்காவது தட்டுப்பட்டால் அந்தப் பிஸ்டல் தோற்றது. மறைத்து வைத்துக்கொள்ளத்தானே அதை வாங்குகிறார்கள்.

ட்ரூடி இதற்கென்றே மோதிரங்களைக் கழற்றி வைத்துவிட்டு வருவாள் என்று ஒரு பேச்சு உண்டு. அவளே கிளப்பிவிட்டதாகவும் இருக்கலாம்.

இந்த முறை வந்திருந்தது உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சாமான். வெர்லின் அதைச் செருகிக்கொண்டு கண்ணாடி முன்னால் குனிந்து நிமிர்ந்த கதையை அவன் மனைவி ரெட்டா மளிகைக் கடையில் சொல்லியிருந்தாள். "சட்டையில தெரியல. ஆனா அவ கைக்குத் தெரிஞ்சிடும்" என்று முனகினானாம்.

'அவ' என்றால் ட்ரூடி என்று ரெட்டா நினைத்துக்கொண்டாள். நாங்களும்தான்.

அதனால்தான் ட்ரூடி வெறுங்கையோடு விலகியதும் வாசலில் அத்தனை ஆரவாரம்.

"நான் தோத்துட்டேன். ஆனா நம்ப மாட்டேன். சட்டையத் தூக்கிக் காட்டு!"

"பாஸ்டர் பார்க்கறாரு ட்ரூடி, கொஞ்சம் பொறு" என்றது ஒரு குரல்.

வெர்லின் காதில் எதுவும் விழவில்லை. அவன் வண்டிகள் நிற்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். வந்தபோதே ஆள் சரியில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, எஞ்சின் அணைந்த பிறகும் வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் இறங்கினான்.

ஓபல் வந்துகொண்டிருந்தாள். ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிடுவதற்கான முட்டைத் தட்டு அவள் கையில்.

சிரிப்பு தானாக அடங்கியது.

மகன் வெஸ்லி போனதிலிருந்து ஓபல் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை. நாங்கள் போய்ப் பிடித்தாலும் மரம் மாதிரி நிற்பாள். வெர்லினை மட்டும் தேடி வந்து பிடிப்பாள், அதுவும் புதுப் பிஸ்டல் வந்த ஞாயிறுகளில் மட்டும். இதற்கு நாங்கள் பல காரணங்கள் கண்டுபிடித்து வைத்திருந்தோம். சிலவற்றை இப்போது நினைத்தால் எங்களுக்கே வெட்கம்.

தட்டை ட்ரூடியிடம் கொடுத்துவிட்டு அவள் வெர்லினைக் கட்டிக்கொண்டாள்.

ஒரு காலத்தில் இன்னொரு சின்னப் பிஸ்டலைப் பற்றி வெர்லின் எழுதியிருந்தான்: 'பெற்ற தாய் கட்டிப்பிடித்தாலும் தெரியாது.' துப்பாக்கிக் கடைக்காரர் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கண்ணாடியில் ஒட்டினார். வெஸ்லி அந்தக் கடையில்தான் வாங்கினான்.

ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்புகிறேன் என்று அடுப்படியில் நின்ற அம்மாவைக் கட்டிப்பிடித்தான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்திருந்தான். பிறகு கொட்டகைப் பக்கம் போனான். அங்கிருந்து ஒரு வெடிச் சத்தம்தான் வந்தது.

துக்கம் முடிந்து ஓபல் முதல் தடவை சர்ச்சுக்கு வந்தபோது வெர்லினைக் கட்டிக்கொண்டு காதோரம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நான் சரியாப் புடிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமா, வெர்லின்?"

அன்றைக்கு அவன் இடுப்பில் இருந்தது அவள் விரலில் தட்டுப்பட்டது. அதற்கடுத்து வந்ததும் தட்டுப்பட்டது. ட்ரூடிக்கே அகப்படாத ஒன்றைக்கூட அவள் கை கண்டுபிடித்தது. ஒவ்வொரு முறையும் கையை எடுத்துக்கொண்டு, ஆராதனைக்கு நிற்காமல் வீடு திரும்பினாள். அவள் போகும் முதுகைப் பார்த்துக்கொண்டு வெர்லின் நிற்பான்.

இப்போது அந்தக் கைகள் மெதுவாக ஊர்ந்தன. இடது பக்கம். முதுகின் நடு. வலது பக்கம்.

"இருக்கா?"

"இருக்குங்க, மிஸ் ஓபல்."

மறுபடியும் தேடினாள். இந்த முறை அழுத்தி, துணியோடு சேர்த்து.

"நெசமா?"

"உங்க கைக்கு அடியிலதான் இருக்கு."

கை அங்கேயே நின்றது. அவள் நெற்றி வந்து அவன் தோளில் விழுந்தது.

"அப்ப எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். "எனக்குத் தெரிஞ்சே இருக்காதுப்பா."

அன்று அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஆராதனை முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். பாட்டு வந்தபோது உதடுகூட அசைந்தது. ட்ரூடி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். ஓபல் மரம் மாதிரி நிற்கவில்லை, திருப்பிப் பிடித்தாள்.

வெர்லின் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஜெபம் செய்கிறான் என்று நினைத்தோம்.

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் வண்டியின் முன்பெட்டிக்குள், பூட்டிய இருட்டில், அந்தப் பிஸ்டல் சூடேறிக்கொண்டு கிடந்தது.