மூச்சு இரைக்க ஓர் ஓட்டம்

"ஆஸ்துமாவை வச்சுக்கிட்டு அஞ்சு கிலோமீட்டர் ஓட்டமா? வேணாம்னா வேணாம்!" அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் படிக்கும் மகள், குனிந்து ஷூ நாடாவை இறுக்கியபடியே சொன்னாள்: "டாக்டரே சரின்னுட்டார்ப்பா. ஒரு வருஷமாப் பயிற்சி. இன்ஹேலரும் இருக்கு."

"என்ன இருந்தாலும் வியாதி வியாதிதானே?"

"ஆஸ்துமாங்கிறது கிரேக்கச் சொல்லுப்பா. மூச்சு வாங்குறதுன்னு அர்த்தம். நோய்க்குப் பேரா ஆகுறதுக்கு முன்னாடியே, சண்டை போட்டுக் களைச்ச வீரனுக்கு மூச்சு இரைச்சா அதையும் அப்படித்தான் சொன்னாங்க. பயந்து மூலையில உக்காந்தவங்களுக்கு வச்ச பேர் இல்லை."

அப்பா வழிவிட்டார்.

மைதானத்தில், ஓட்டம் முடியும் கோட்டருகே அவர் நிலைகொள்ளாமல் தவித்தார். பலர் வந்து சேர்ந்துவிட்டார்கள். பக்கத்தில் நின்றவர் கேட்டார்: "உங்க பொண்ணு ஓடுறாளா சார்?"

"இல்லைங்க. பொண்ணு இதோ, தண்ணி பாட்டிலோட நிக்கிறா" என்றவர், சட்டென்று எக்கிப் பார்த்துக் கத்தினார்: "அதோ! நரைச்ச தலையும் சிவந்த முகமுமா ஓடி வர்றாங்களே, அவங்க என் சம்சாரம்ங்க! ஆஸ்துமாவோட ஓடுறாங்க; காலையில பொண்ணுதான் ஷூ நாடா இறுக்கிவிட்டா!"

கூட்டத்திலேயே பலமாகக் கைதட்டியவர் அவர்தான்.