கடல் தாண்டும் சட்டம்

செக்காலை ரோட்டு வக்கீல் செல்வின் என்னைக் கண்டதும் சிரித்த முகமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். வக்கீல் சிரித்தாலே எனக்குச் சந்தேகம்தான்.

"எங்க அக்கா மகன் சிவபிரகாஷ் வெளிநாட்டுல வேலை பாக்குறான். அவன் பாஸ்போர்ட்ட அங்க இருக்கிற நம்ம தூதரகத்துல பிடுங்கி வச்சிட்டாக. திரும்பக் கிடைக்குமா?"

"அவரக் கூப்பிட்டு விசாரிச்சாகளா?"

"ஒரு வார்த்தை கேக்கல."

"அப்பக் கட்டாயம் கிடைக்கும்."

"சும்மா அடிச்சு விடாதீக. நம்ம சட்டம் ராமேசுவரத்தோட நின்னு போகும். கடலுக்கு அங்குட்டு எவன் மதிப்பான்?"

"ஐயா, அடுத்த நாட்டு அரசாங்கம் பிடுங்கியிருந்தா நம்ம சட்டம் செல்லாது. பிடுங்குனது நம்ம அரசாங்கம். அது எங்க போய்க் கை வச்சாலும் அரசியல் சட்டமும் கூடவே போகும். விசாரிக்காமப் பிடுங்குனது தப்பு."

"கோர்ட்டுலயும் இப்படியே சொல்வீகளா?"

"எழுதியே தாரேன். பாஸ்போர்ட் வந்ததும் அவரு நினைச்ச நாட்டுக்குப் போகலாம். தாய்மாமன்னா உங்கள மாதிரி இருக்கணும்!"

நான் கையை உயர்த்தி அவரை நிறுத்தினேன்.

"தாய்மாமன் மட்டுமில்ல, மாமனாரும் நான்தான். எம் மக சிந்துவக் கைப்பிள்ளையோட விட்டுட்டு, அங்க இன்னொருத்தி கூடக் குடும்பம் நடத்துறான். அவன் பாஸ்போர்ட்டப் பிடுங்கச் சொல்லி மனுக் கொடுத்ததே நான்தான்."

வக்கீலின் சிரிப்பு அடங்கிவிட்டது. நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இப்பச் சொல்லுங்க. கூப்பிட்டு விசாரிச்சுட்டுப் பிடுங்குனா கோர்ட்டுல நிக்குமா?"