நான்கு மூலையிலும் மஞ்சள்

அக்கா கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் தம்பிக்காரர் இரண்டு முறை இருமிவிட்டார்.

அவள் மடியில் ஒரு தபால் அட்டை. முழுக்கச் சாம்பல் நிறம். நடுவில் கோணலாக ஒரு சிவப்பு.

அவருடைய மகள் வரைந்தது.

சென்னையில் அவள் தனியாக வைக்கும் முதல் கண்காட்சி. கேலரிக்காரர்கள் அவளுடைய ஓவியங்களைத் தபால் அட்டைகளாக அச்சடித்திருக்கிறார்கள். ஒரு கட்டு பாளையங்கோட்டைக்கு வந்தது. தெரிந்தவர்களுக்குக் கொடுங்கப்பா என்று மட்டும்தான் போனில் சொன்னாள்.

மஞ்சள் தடவச் சொல்லவில்லை.

அது அவராகச் செய்தது. குழைத்து, விரலால் தொட்டு, நான்கு மூலையிலும்.

முதல் அட்டை சாஸ்தாவுக்கு. எந்தப் பக்கம் மேலே என்று பூசாரி கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை, காட்டிவிட்டார். தெரியாத விஷயத்தில் அவருக்கு அப்படி ஒரு துணிச்சல்.

கறுப்பாக இருந்த அட்டையை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகாது.

அது அவர் சட்டைப் பையில் இருக்கிறது. அடிக்கடி எடுத்துப் பார்க்கிறார். புரிந்த மாதிரி தலையாட்டிக்கொள்கிறார். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்தபோது, மாடர்ன் ஆர்ட் என்று சொல்லிவிட்டு இருமினார். அதற்கு மேல் அவரிடம் விளக்கம் கிடையாது.

அக்காவின் இந்த வீட்டில் இருமல் செல்லாது.

பிள்ளைகள், பேரன்கள் என்று அத்தனை பேர் கல்யாணப் பத்திரிகையும் அக்கா இந்த ஹாலில் வைத்துத்தான் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும், உன் வீட்டுப் பத்திரிகை எப்பம்ல என்பாள். அவர் கை கழுவப் போய்விடுவார்.

மகள் நாற்பதைத் தாண்டிய பிறகு அக்கா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அது கேட்டதைவிட மோசம்.

கண்ணாடி கிடைத்துவிட்டது.

அக்கா முதலில் மஞ்சளைத்தான் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. அட்டையைத் திருப்பினாள். பொற்கொடி. கீழே தேதி, இடம். மறுபடி திருப்பினாள். மறுபடியும்.

"ஏல, மாப்பிள்ளை பேரு எங்க?"

தொண்டை தயாராகத்தான் இருந்தது. அவர் இருமவில்லை.

"பொண்ணு பேரு மட்டும்தான்க்கா. அவ வரைஞ்ச படம். அவளுக்குன்னு ஊரைக் கூட்டுதாங்க."

சொன்ன பிறகுதான் தன் குரலைக் கேட்டார். முகூர்த்தத்துக்கு அழைக்கிறவன் குரல். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. சமையலறையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள்.

அக்கா அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அவர் அதைப் பையில் வைக்கப் போனார்.

அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். கிழக்கே பார்த்து நின்றாள்.

"இப்பம் முறையாக் குடு" என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.