சந்தன வளையம்

பள்ளி மொட்டை மாடியில் புது டெலஸ்கோப்புக்குப் பூஜை போட்டவர்கள், கண் வைக்கும் துளையைச் சுற்றியும் சந்தனம் அப்பிவிட்டார்கள். கவுன்சிலர் திருமேனி பார்த்த பிறகுதான் மற்றவர்கள் பார்க்கலாம். அவரோ "ஒரே நிமிஷம்" என்று முக்கால் மணி நேரம் பேசினார். சனிக்கிரகம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைவதற்குள் எல்லோரும் பார்க்க வேண்டுமே என்று அறிவியல் டீச்சர் செண்பகவல்லி தவித்தார். கடைசியில் திருமேனி குனிந்து, இரண்டு கண்ணையும் மூடியபடி போட்டோவுக்குச் சிரித்தார். "வளையம் பிரமாதம்!" என்று நிமிர்ந்தார். வலது கண்ணைச் சுற்றி மஞ்சள் வட்டம்.

"ஆமாங்கய்யா, இங்கேருந்தே தெரியுது," என்றார் சத்துணவு ஆயா. மாடியே சிரித்தது. பிறகு வரிசையாகப் பார்த்தவர்கள் முகத்திலெல்லாம் வட்டம்.

கூட்டம் கலைந்ததும் திருமேனி மெல்ல வந்தார். "டீச்சர், நான் நெசமா பார்க்கலைங்க. இன்னும் இருக்கா?"

"தொட்டிகிட்டப் போயிடுச்சு சார், சீக்கிரம்."

கண்ணைத் திறந்து குனிந்தவர், "அட!" என்றார். அப்புறம் கண்ணை எடுக்கவே இல்லை.

"நகருங்க சார், நானே இன்னும் பார்க்கல."

"ஒரே நிமிஷம் டீச்சர்."