ஒரு நாள் இருமல்

மாரிராஜ் அதை மனைவியின் கழுத்தில் மாட்டியபோது செல்வலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணத்தன்றுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

"எனக்கு வேண்டாங்க. கழத்திருங்க."

கறுப்பு நாடாவில் தொங்கியது தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போட்டிருந்தால் போதும், போட்டிருப்பவர் எத்தனை தடவை இருமினார் என்று எண்ணிவிடும். ஒரகடத்தில் அவன் வேலை பார்க்கும் பிரேக் கம்பெனிக்கு, மருத்துவக் கல்லூரியிலிருந்து இருமல் ஆராய்ச்சிக்கு வந்த டாக்டர்கள் அதை ஆளுக்கு ஒரு நாள் என்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெயர் வெளியே போகாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். லைனில் யார் நம்பினார்கள்?

"எவன் ஜாஸ்தி இருமுறானோ அவனுக்கு வேற வேல வச்சிகீறாங்கப்பா. கேட்டுக்கு வெளிய நிக்கிற வேல" என்றார் பக்கத்து மிஷின் முனிரத்தினம்.

அடுத்த மாதம் காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதம். மாரிராஜுக்கோ ஒரு பேச்சு முழுசாய் வராது. பாதியில் இருமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரேக் கட்டையைத் தேய்த்துத் தேய்த்து, வீடு திரும்பும்போது இமை மயிரில்கூடத் தூள் படிந்திருக்கும்.

"ஏட்டி, ஒரு நாளுதான. நான் சட்டைக்குள்ள போட்டுருக்கேம்னு சொல்லிக்கிடுதேன்."

"பக்கத்து வீட்டு சுகப்பிரியாட்ட குடுங்களேன்."

"அவட்ட குடுத்தா சேரப்பணஞ்சேரி ஊருக்கே தெரிஞ்சிரும். ஒனக்குத்தான் இருமலே கெடையாதுல்லா. கெட்டுன நாள்லருந்து நீ இருமி நான் கேட்டதில்ல."

அவள் குனிந்து அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"டிவிய சத்தமா வச்சா இதுக்குக் கேக்காதுல்லா?"

மாரிராஜுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலில் முடிந்தது. "நாடகத்தையெல்லாம் இது எண்ணாதுட்டி. நீ பாட்டுக்குப் பாரு."

பெட்டியைத் திருப்பிக் கொடுத்த சில நாளில், ஷிஃப்ட் நடுவிலேயே கூப்பிட்டு அனுப்பினார்கள். முதலுதவி அறையில் டாக்டர் எழிலரசி காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தொண்டையில் ஏறியதை அப்படியே விழுங்கிவிட்டு, மாரிராஜ் சிரித்த முகமாய் நின்றான்.

"இந்த லைன்லயே அதிகமா இருமல் பதிவானது உங்க பெட்டியிலதான், மாரிராஜ்."

அவனுக்கு விளங்கவில்லை. "மிஷின் கோளாறா இருக்கும் மேடம். எனக்கு இருமலே..." அதற்குமேல் இருமல் விடவில்லை.

டாக்டர் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"சந்தேகப்பட்டு, பெட்டியில பதிவான சத்தத்த நானே போட்டுக் கேட்டேன். இது உங்க இருமல் இல்ல. ஒரு பொம்பள வாயப் பொத்திக்கிட்டு இருமறாங்க, பகல் பூரா. சாயங்காலம் கதவு தட்டுற சத்தம் கேட்டதும் மூச்ச அடக்கிக்கிட்டு, 'வந்துட்டீங்களா'ன்னு கேக்கறாங்க. அப்புறம் அவங்க இருமல் ஒண்ணுகூட இல்ல. தள்ளி உங்க இருமல்தான் கேக்குது."

மாரிராஜ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். வேலை போய்விடுமோ என்ற பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அவ வீட்ட விட்டு வெளிய போறதே கெடையாது மேடம். வீட்ட அப்படித் தொடச்சு வச்சிருப்பா. தூசின்னு ஒண்ணு அங்க கெடையாது."

டாக்டரின் குரல் தணிந்தது.

"காலையில துவைக்கறதுக்கு முன்னாடி எதையோ ஓங்கி ஓங்கி உதறுறாங்க. அப்பதான் அந்த இருமல் ஆரம்பிக்குது. யாரோட துணி அது?"