இருபத்தோராம் நாள் நன்றி

ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள். போட்டார்.

பயிற்றுநர் ஹரிவர்தன் மைக்கை அவருடைய கைப்பேசியருகே பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் மணி அடிப்பது ஓட்டல் கூடம் முழுக்க முழங்கியது.

நன்றியால் நலம். இருபத்தொரு நாள் பயிற்சி. இன்று நிறைவு விழா.

தினமும் காலையில் ஐந்து நன்றி எழுதவேண்டும். எழுதினால் இரத்த அழுத்தம் இறங்கும், முகம் தெளியும், தூக்கம் வரும். பயிற்சியில் சேர்ந்ததிலிருந்து அவர் ஒரு நாளும் தவறவிடவில்லை. சூரியனுக்கு எழுதினார். டிகாக்ஷனுக்கு எழுதினார். ஒன்பதாம் நாள் சரக்கு தீர்ந்துபோய் மின்விசிறிக்கும் வாசல் மிதியடிக்கும் எழுதினார். மிதியடிக்கு எழுதியதை ஹரிவர்தன் குழுவில் எல்லோருக்கும் அனுப்பி, இதுதான் பக்குவம் என்றார்.

கடைசி நாள் பாடம் ஒன்றே ஒன்று. இதுவரை நன்றி சொல்லாத ஒருவரை, எல்லோர் முன்னிலையிலும் அழைத்துச் சொல்லவேண்டும்.

யோசித்துப் பார்த்தார். அப்படி யாரும் மிச்சமில்லை என்றுதான் முதலில் பட்டது.

பதினோரு வருஷத்துக்கு முன் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். வைத்த டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார். நர்சுகளுக்கு ஆளுக்கொரு இனிப்புப் பெட்டி. ஆஸ்பத்திரிக்குத் தன் பெயர் பொறித்த சுவர்க்கடிகாரம். குலதெய்வத்துக்குக் கிடா.

சிறுநீரகத்தைக் கொடுத்தது அக்கா.

அக்காவுக்கு என்ன செய்வது? அக்காதானே.

தையல் பிரித்த மறுநாளே அவளைத் துறையூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் பேசியது மூன்று முறையோ நான்கு முறையோ. எல்லாம் இவருக்கு ஏதாவது ஆகவேண்டியிருந்தபோது.

மணி நின்றது.

"என்னடா," என்றாள் அக்கா. "நான் குடுத்ததும் போயிடுச்சா?"

கூடத்தில் யாரோ சிரித்துவிட்டு, அதை அவசரமாக இருமலாக்கிக்கொண்டார்.

அதெல்லாம் நன்றாக இருக்கிறது, சும்மாதான் கூப்பிட்டேன் என்றார் அவர். சும்மா கூப்பிடுகிற ஆளா நீ என்று கேட்டாள். போனை சியாமளாவிடம் கொடு என்றாள். மனைவி வீட்டில் இருக்கிறாள் என்றார். அப்படியானால் நீ எங்கே இருக்கிறாய் என்றாள்.

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

ஹரிவர்தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். வரிசையில் இன்னும் பதினாறு பேர் இருந்தார்கள்.

எழுதிவந்த தாளைப் பிரித்தார். பக்கம் நிறைய உயிர், ஊற்று, உன்னதம் என்று இருந்தது. இதை வாசித்தால் யாரோ ராங் நம்பர் என்று வைத்துவிடுவாள். மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"நன்றிக்கா."



அவர்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத வார்த்தை அது. அப்பா மட்டும் ஒரே ஒரு தடவை, உயிர் போகிற நாளில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அக்கா பக்கத்தில்தான் இருந்தாள்.

"எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லு," என்றாள். "இன்னொண்ணு இருக்குல்ல. கெளம்பி வரேன்."

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. ஹரிவர்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது பதிவாயிற்றா என்று வீடியோக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் ஸ்பீக்கரை அணைத்து, கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

பீரோ திறக்கிற சத்தம். பை எடுக்கிறாள்.

நாலு எட்டு நடந்ததற்கே அவளுக்கு இரைத்தது. பேச முடியாத அளவுக்கு இரைத்தது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்க வாயெடுத்தார்.

முதலில் கைதட்டல் ஓயவேண்டியிருந்தது.