நாய் செத்த எபிசோடு

கூட வேலை செய்கிற அக்கா மூன்று வருஷமாகத் தன்னை முட்டாளாக்கியிருக்கிறாள் என்பது, ஒரு படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளைக்குத் தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடம் அது. விரிப்பை ஓர் ஆள் மடிக்க முடியாது. இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் நின்று, உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து நுனியோடு நுனி சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. வாய் சும்மா இருக்குமா?

மாப்பிள்ளைக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. இங்கிலாந்து நடிகை ஒருத்தி மேல் பைத்தியமாக இருந்ததால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பட்டம்தான் மாப்பிள்ளை. பத்தொன்பது வயதில் கையில் தட்டோடு வந்து இரண்டு வரி பேசிவிட்டுப் போன வேலைக்காரி வேஷம் தொடங்கி, ஏழு வருஷம் டிவியில் துப்பறிந்தது வரைக்கும் அந்த அம்மா நடித்த எதையும் அவர் விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஏறாத இங்கிலீஷ், அவள் வாயைப் பார்த்துப் பார்த்தே ஏறியது.

பார்த்ததை யாரிடமாவது சொல்ல வேண்டுமே. தங்கை ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். இவர் கதையை ஆரம்பித்ததும் அவளுக்கு அடுப்பில் ஏதாவது தீய்ந்துவிடும். அழுக்குத்துணி கொண்டுவரும் தள்ளுவண்டிக்காரரோ, "மாப்பிள்ளை, உன் சம்சாரம் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்.

அக்கா ஒருத்திதான் கேட்பாள். விரிப்பின் அந்த முனையில் நின்று வாயைப் பிளப்பாள். "அடிப்பாவி, அப்படியா செஞ்சா?" என்பாள். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மாமியார், மகளின் படிப்பு, இரண்டு பஸ் மாறிப் போகிற வீடு என்று அவளுக்கு ஆயிரம் பாடு. சினிமா பார்க்க எனக்கு ஏது நேரம், நீ சொல்றதுதான் எனக்கு சினிமா என்று அவளே சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு சொல்லுக்காக, நாளைக்கு எதை எப்படிச் சொல்வது என்று மாப்பிள்ளை தன் ஒற்றை அறைக்குள் நடந்து நடந்து ஒத்திகை பார்ப்பார். நாளைக்கு இந்தப் படம் என்று முன்கூட்டியே அறிவிப்பும் கொடுத்துவிடுவார்.

அன்றைக்குப் புதுத் தொடரின் ஐந்தாவது எபிசோடு. இதில் அந்த அம்மா ஒரு நீதிபதியின் விதவை. துணைக்கு ஒரு கிழட்டு நாய். முந்தின நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளைக்கு நடுவில் பத்து நிமிஷம் கண் அசந்துவிட்டது. ரசிகன் அதை வெளியே சொல்வானா? கைச்சரக்கைச் சேர்த்து ஒட்டுப்போட்டார்.

"கடைசியில நாயைக் கூட்டிக்கிட்டு வீட்டை விட்டே கிளம்பிடறாக்கா."

"நாய்தான் லாரியில அடிபட்டுச் செத்துப்போச்சே" என்றாள் அக்கா.

விரிப்பு நடுவில் தொய்ந்தது.

"அதை நான் சொல்லவே இல்லையே."

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். துருவிக் கேட்டதில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நாலாவது எபிசோடும் பார்த்திருக்கிறாள். துப்பறிந்த ஏழு வருஷத்தையும் பார்த்திருக்கிறாள். தட்டோடு வந்த வேலைக்காரியைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாம் அவர் சொல்வதற்கு முன்னாலேயே.

அப்படியானால் அந்த வாய் பிளந்ததெல்லாம் வேஷம். அந்த அம்மாவை விடப் பெரிய நடிகை எதிர் முனையிலேயே நின்றிருக்கிறாள். டீ குடிக்கிற இடத்தில் எழும்பிய சிரிப்பெல்லாம் மாப்பிள்ளைக்கு இப்போது வேறு மாதிரி காதில் விழுந்தது.

மறுநாள் சூப்பர்வைசரிடம் இடுப்புவலி என்று சொல்லி, துவைக்கும் மெஷின் பக்கம் மாற்றிக்கொண்டார். அது போடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. தூரத்தில் அக்கா, பதில் ஆள் கிடைக்காமல், விரிப்பின் ஒரு நுனியை மோவாயில் இடுக்கிக்கொண்டு தனியாக மடிக்கத் திண்டாடுவது தெரிந்தது. பார்க்காத மாதிரி இருந்தார்.

அடுத்த வாரம் ஆறாவது எபிசோடு வந்தது. பார்த்து முடித்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து, "முதல் சீன்ல மழை பெய்யுதுக்கா..." என்று சுவரைப் பார்த்து ஆரம்பித்துவிட்டு, அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

ஏழாவதைப் பார்க்கவில்லை. யாருக்காகப் பார்ப்பது?

அந்த வாரக் கடைசியில், மெஷின் தண்ணீரை வடிக்க ஓய்ந்த நேரம் பார்த்து அக்கா வந்து நின்றாள். ஏழாவது பார்த்தாயா என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினார். இரண்டு வாரமாகத் தொண்டையில் நின்றது அப்போது வெளியே வந்துவிட்டது.

"எல்லாத்தையும் பார்த்துட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி எதுக்குக்கா கேட்டுக்கிட்டு நின்னீங்க? என்னை வச்சு விளையாடவா?"

அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் பார்ப்பாளாம். பாஷை ஒரு மண்ணும் புரியாதாம். வீட்டுக்குப் போய், படிக்கிற மகளைப் பிடுங்கியெடுத்து அர்த்தம் கேட்பாளாம்.

மாப்பிள்ளையின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அவ்வளவு பிடிச்சுப்போச்சா அந்த அம்மாவை?"

"அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது தம்பி" என்றாள் அக்கா. "பார்க்காம வந்தா, நீ சொல்றப்ப எந்த இடத்துல வாயைப் பிளக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"